வீசிங் வருவது எதிர்ப்பு சக்தி குறைவாலா? ஒவ்வாமை ஆஸ்துமா பற்றி ஓர் எளிய விளக்கம்

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஒரு குழந்தைக்கு அடிக்கடி இழுப்பு வருகிறது என்று சொன்னால், கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள்: "பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி கம்மி, அதான் வீசிங் வருது." அந்த நம்பிக்கையின் பேரில் சத்து டானிக் வாங்கப்படுகிறது, தயிரும் வாழைப்பழமும் நிறுத்தப்படுகின்றன, மூச்சுத் திணறும் இரவுகளில் மட்டும் அருகிலுள்ள மருத்துவமனையில் நெபுலைசர் வைக்கப்படுகிறது. விடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று வீடு திரும்புகிறார்கள். பிள்ளைக்காக இரவெல்லாம் கண் விழிக்கும் இந்தப் பெற்றோரின் அக்கறையில் குறையே இல்லை. ஆனால் அடிப்படைக் கருத்து பிழையாக இருப்பதால் அவர்களுடைய பணமும் உழைப்பும் நோய்க்குப் பயன்படாத வழிகளில் செலவாகின்றன. ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவில் எதிர்ப்பு சக்தி குறைந்திருப்பதில்லை. அது எதிர்க்கத் தேவையில்லாத ஒரு பொருளுக்கு எதிராக, மூச்சுக்குழாய்க்குள், ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய அவசரம் நமக்கு உண்டு. உலகில் ஆஸ்துமா உள்ளவர்களில் ஏறத்தாழ 13 சதவீதத்தினர் இந்தியாவில் வாழ்கிறார்கள். ஆனால் ஆஸ்துமாவால் நேரும் இறப்புகளில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவை இந்தியாவில் நேர்கின்றன என்று உலகளாவிய நோய்ச்சுமை மதிப்பீடுகள் கூறுகின்றன. நல்ல மருந்துகள் இருக்கும் ஒரு நோயில் இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதற்கு, மருந்து சரியான முறையிலும் சரியான காலத்திலும் நோயாளியைச் சென்றடையாததே முதன்மையான காரணம். நோய் எப்படி நடக்கிறது என்பதை அறிந்தவர்கள் மருந்தைப் பாதியில் விடுவது குறைவு என்பதால், அதையே இந்தக் கட்டுரை விளக்க முயல்கிறது.

மூச்சுக்குழாய்க்குள் நடப்பது

தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுக்குழாய் நுரையீரலுக்குள் கிளை கிளையாகப் பிரிந்துகொண்டே போகிறது. கடைசிக் கிளைகள் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டம் உடையவை. அவற்றைத் தாங்கிப் பிடிக்கக் குருத்தெலும்பு கிடையாது. ஒவ்வொரு கிளையின் சுவரிலும் வெளிப்புறம் ஒரு தசை வளையமும் உட்புறம் மெல்லிய படலமும் உள்ளன. அந்தப் படலத்தின்மேல் தூசியைப் பிடித்து வெளியேற்றும் சளி ஒரு மெல்லிய பூச்சாக இருக்கிறது.

இழுப்பு வரும்போது இங்கே மூன்று மாற்றங்கள் சேர்ந்து நடக்கின்றன. தசை இறுகுகிறது, படலம் வீங்குகிறது, சளி கெட்டியாகிப் பெருகுகிறது. மூன்றும் சேர்ந்து குழாயின் உள்வழியைக் குறுக்குகின்றன. ஒரு குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால், அதன் வழியே சீராக ஓடும் காற்றுக்கு ஏற்படும் தடை இரண்டு மடங்காக மட்டும் உயர்வதில்லை, பதினாறு மடங்காக உயர்கிறது; சிறு குழந்தைகளின் குழாய்கள் ஏற்கெனவே குறுகியவை என்பதால் அவர்களுக்குத் திணறல் விரைவாகக் கடுமையாவதற்கு இதுவே காரணம். மூச்சை விடும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி இக்கிளைகள் மேலும் ஒடுங்குகின்றன; ஆகவேதான் விசில் போன்ற ஓசை மூச்சை இழுக்கும்போது கேட்பதைவிட விடும்போது தெளிவாகக் கேட்கிறது.

இந்த மூன்றில் தசை இறுக்கம் சில நிமிடங்களில் தளரக்கூடியது. வீக்கமும் சளியும் அப்படியல்ல. அவை அடங்க நாட்களும் வாரங்களும் ஆகும். கட்டுரையின் பிற்பகுதி முழுவதும் இந்த வேறுபாட்டின்மீதே நிற்கிறது.

ராகிக் காட்டின் இரவுக் காவல்

தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காட்டோர ஊர்களில் ராகிக் கதிர் முற்றும் காலத்தில் யானைகள் இரவில் வயலுக்குள் இறங்கும். விவசாயிகள் பரண் கட்டி விடிய விடியக் காவல் இருப்பார்கள். யானையைப் பிடிக்கவோ கட்டவோ அவர்களால் ஆகாது. தீப்பந்தமும் பட்டாசும் தகரச் சத்தமும் ஆள்கூட்டமுமாகச் சேர்ந்து அதை வெளியே விரட்டத்தான் முடியும். ஓர் இரவு, அவிழ்த்துக்கொண்டு வந்த ஒரு கன்றுக்குட்டி வயலுக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். பரணில் இருப்பவர் அதை யானை என்று எண்ணிப் பட்டாசைக் கொளுத்திவிட்டார். ஊரே திரண்டு ஓடிவந்து வயலுக்குள் இறங்குகிறது. கன்று தின்றது நாலு கதிர். ஆள்கள் மிதித்துச் சாய்த்தது அரை வயல். இதே குழப்பம் வாரத்துக்கு நாலு இரவு நடந்தால், பயிர் மட்டுமல்லாமல் மண்ணும் மிதிபட்டு இறுகிப்போகும்.

நம் உடலிலும் யானை அளவு பெரிய எதிரிகள் உண்டு. பாக்டீரியா மிகச் சிறியது. அதை ஒரு வெள்ளணு விழுங்கிச் செரித்துவிட முடியும். குடற்புழுவோ வெள்ளணுவைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது. அதை விழுங்க முடியாது. சளியைப் பெருக்கி, தசையைச் சுருக்கி, அரிப்பையும் தும்மலையும் இருமலையும் உண்டாக்கி வெளியே தள்ளத்தான் வேண்டும். இத்தகைய ஒட்டுண்ணிகளை விரட்டுவதற்காகவே உடலின் எதிர்ப்பாற்றலில் ஒரு தனிப் பிரிவு உருவானது என்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகின்றனர். அதே பிரிவு, தலையணையிலுள்ள தூசுப்பூச்சியின் கழிவையோ ஒரு செடியின் மகரந்தத்தையோ எதிரியாகக் கருதிக் கிளம்பும்போது நமக்குக் கிடைப்பது ஒவ்வாமை. தூசு அந்த அளவில் எந்தத் தீங்கும் செய்யவில்லை. தீங்கு முழுவதும் விரட்ட வந்த கூட்டத்தால் நேர்கிறது.

இனி இந்தக் காவலில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கலாம்.

காவலரும் அடையாளக் குறிப்பும்

பரணில் இருக்கும் காவலர் மாஸ்ட் செல் எனப்படும் ஒரு செல். ஜெர்மானிய அறிவியலாளர் பால் எர்லிக் 1878ஆம் ஆண்டிலேயே இதைச் சாயமேற்றிக் கண்டு பெயரிட்டார். தோல், மூக்கு, மூச்சுக்குழாய், குடல் என வெளியுலகம் உடலைத் தொடும் இடங்களிலெல்லாம் இது நிலையாகத் தங்கியிருக்கிறது. இதன் உள்ளே ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்கள் நிரம்பிய நூற்றுக்கணக்கான துகள்கள் ஆயத்தமாக இருக்கின்றன.

ஆனால் யார் எதிரி என்பதை மாஸ்ட் செல் தானாக அறியாது. அதற்கு அடையாளம் காட்டுவது ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருள். எதிர்ப்பொருள் என்பது குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும்படி பி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் உருவாக்கும் புரதம். ஒருவருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும் பொருளை ஒவ்வாமைத் தூண்டி என்கிறோம். முதன்முறை ஒரு தூண்டி உள்ளே நுழையும்போது வெளியே எதுவும் தெரியாது; உடல் அதைப் பரிசோதித்து, அதற்குரிய ஐஜிஇயைத் தயாரித்து, மாஸ்ட் செல்களின் மேற்பரப்பில் பல்லாயிரக்கணக்கில் பதித்து வைக்கிறது. இரத்தத்தில் உலவும் ஐஜிஇ இரண்டொரு நாட்களில் பாதியாகக் குறைந்துவிடும். மாஸ்ட் செல்லில் ஒட்டிக்கொண்டதோ வாரக்கணக்கில் நிலைத்திருக்கும். அடுத்த முறை அதே தூண்டி வந்து, அருகருகே உள்ள இரண்டு ஐஜிஇகளை ஒருசேரப் பற்றியதும் மாஸ்ட் செல் தன் துகள்களைச் சில நிமிடங்களுக்குள் வெளியே கொட்டிவிடுகிறது.

"இத்தனை வருஷம் இந்த வேலைதான் செய்தேன், இப்போது மட்டும் ஏன் சேரவில்லை" என்று பட்டுப்புழு வளர்ப்பவர்கள் சிலர் கேட்பதற்கான விடையும் இதிலேயே இருக்கிறது. ஒவ்வாமை உருவாக முன்பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் சிலருக்கு மாதங்களும் சிலருக்கு ஆண்டுகளும் எடுக்கும்.

ஒரு தம்பதியின் முதுகில் நடந்த சோதனைகள்

ஐஜிஇ கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு நோயெதிர்ப்பியல் ஆய்வாளரின் வாழ்நாள் வேலை என்பது என்ன என்று கேட்கும் மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

1921ஆம் ஆண்டு, அப்போது ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரில், கார்ல் பிரவுஸ்னிட்ஸ், ஹெய்ன்ஸ் கூஸ்ட்னர் என்ற இரு மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கூஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாது; பிரவுஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தத் தொல்லையும் இல்லை. கூஸ்ட்னரின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைப் பிரவுஸ்னிட்ஸின் தோலில் சிறிதளவு செலுத்தி, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது அந்த இடம் மட்டும் தடித்துச் சிவந்தது. ஒவ்வாமையை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எடுத்துச் செல்லும் ஏதோ ஒன்று இரத்தத்தில் இருக்கிறது என்பது உறுதியாயிற்று. அது என்ன என்பதை அறிய மேலும் 45 ஆண்டுகள் ஆயின.

ஜப்பானைச் சேர்ந்த கிமிஷிகே இஷிசாகா, அவருடைய மனைவி தெருகோ இஷிசாகா ஆகிய இருவரும் அமெரிக்காவின் டென்வர் நகரில் குழந்தைகள் ஆஸ்துமா ஆய்வு நிலையம் ஒன்றில் 1960களில் பணியாற்றினர். மகரந்த ஒவ்வாமை கடுமையாக உள்ள நோயாளிகளின் சீரத்தை எடுத்துப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியில் அந்த மர்மப்பொருள் இருக்கிறது என்று தேடினார்கள். சிக்கல் என்னவென்றால், அந்தப் பொருளின் அளவு அன்றைய வேதியியல் முறைகளால் அளக்க முடியாத அளவுக்குக் குறைவு. இரத்தத்தில் மிகுதியாக உள்ள ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருளோடு ஒப்பிட்டால் இது பல்லாயிரம் மடங்கு குறைவானது. மனிதத் தோல் மட்டுமே அதை உணரும் நுட்பம் உடையதாக இருந்தது. ஆகவே தம்பதியர் தங்கள் தோலையே சோதனைக் களமாக்கிக்கொண்டு, பிரித்தெடுத்த பகுதிகளை முதுகில் செலுத்தி எது தடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து முன்னேறினார்கள். 1966இல் அவர்கள் அது ஒரு புதிய வகை எதிர்ப்பொருள் என்று அறிவித்தனர்.

அதே காலத்தில் சுவீடனின் உப்சாலா நகரில் குன்னர் யோஹான்சன், ஹன்ஸ் பென்னிச் என்ற இருவர் முற்றிலும் வேறு வழியில் அதே புரதத்தை அடைந்தார்கள். ஒரு வகை இரத்தப் புற்றுநோயாளியின் உடல் இதுவரை அறியப்படாத ஓர் எதிர்ப்பொருளைப் பெருமளவில் உற்பத்தி செய்துகொண்டிருந்தது. அதை 1967இல் அவர்கள் விவரித்தனர். இரு குழுவினரும் மாதிரிகளைப் பரிமாறிக்கொண்டு ஒப்பிட்டதில் இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. 1968இல் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டம் அதற்கு ஐஜிஇ என்ற பெயரை ஏற்றது. யார் முந்தியவர் என்று சண்டையிடாமல் மாதிரியை அனுப்பி வைத்த அந்தப் பெருந்தன்மை எனக்கு எப்போதும் மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது.

இஷிசாகா தம்பதியின் வேலை அத்துடன் முடியவில்லை. அந்த எதிர்ப்பொருள் எந்தச் செல்லில் ஒட்டுகிறது, அதன் உற்பத்தியை உடல் எப்படிக் கூட்டிக் குறைக்கிறது என்ற கேள்விகளோடு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலும், பின்னர் கலிஃபோர்னியாவின் லா ஹோயா ஆய்வு நிறுவனத்திலும் அவர்களது பணி தொடர்ந்தது. இன்று நம் ஊர் ஆய்வகங்களில் "ஐஜிஇ டெஸ்ட்" என்று எடுக்கப்படும் இரத்தப் பரிசோதனைக்குப் பின்னால் இருப்பது இந்த உழைப்பு.

சுருக்கமாக: ஒவ்வாமைத் தூண்டிக்கு எதிரான ஐஜிஇ மாஸ்ட் செல்லில் காத்திருக்கிறது, தூண்டி மறுபடி வந்ததும் மாஸ்ட் செல் வேதிப்பொருள்களை வெளியிடுகிறது, சில நிமிடங்களில் தசை இறுகுகிறது.

ஓசையில்லாமல் தொடரும் அழற்சி

இதுவரை சொன்னது பட்டாசு வெடித்த நேரம் மட்டுமே. ஊர் திரண்டு வருவது அதன் பிறகு. தூண்டி நுழைந்து சில மணி நேரம் கழித்து, இரத்தத்திலிருந்து வேறு வெள்ளணுக்கள் மூச்சுக்குழாய்ச் சுவருக்குள் வந்து சேர்கின்றன. பகலில் தூசி அடித்த வீட்டில் இரவில் மறுபடி இழுப்பு வருவதற்கு இந்த இரண்டாம் கட்டமும் ஒரு காரணம். வருகிறவற்றில் முக்கியமானது ஈசினோஃபில். புழுவின் தோலைத் துளைக்கக்கூடிய நச்சுப் புரதங்களை இது சுமந்து வருகிறது. புழு இல்லாத இடத்தில் அந்தப் புரதங்கள் நம் மூச்சுக்குழாயின் படலத்தையே அரிக்கின்றன. இப்படி எதிர்ப்புச் செல்கள் ஒரு திசுவில் குவிந்து வீக்கத்தையும் சிதைவையும் உண்டாக்கும் நிலையே அழற்சி.

இவற்றை அழைப்பது யார்? செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சிறு புரதச் செய்திகளுக்குச் சைட்டோகைன் என்று பெயர். 1986இல் டிம் மாஸ்மன், ராபர்ட் காஃப்மன் ஆகியோர் எலிகளில் நடத்திய ஆய்வில், டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்களில் உதவிச் செல்கள் இரு வேறு பிரிவுகளாக இயங்குவதைக் கண்டறிந்தனர். அவற்றில் இரண்டாம் வகைதான் ஒவ்வாமையில் முன்னிற்பது. அது அனுப்பும் மூன்று சைட்டோகைன்களை நினைவில் வைத்தால் போதும். இன்டர்லூகின் 4 ஐஜிஇ உற்பத்தியைத் தூண்டுகிறது. இன்டர்லூகின் 5 ஈசினோஃபில்களை வளர்த்து வரவழைக்கிறது. இன்டர்லூகின் 13 சளியைப் பெருக்கிக் குழாயை எளிதில் சினமுறும் நிலைக்குக் கொண்டுவருகிறது.

எல்லாவற்றிலும் நான் மிக முக்கியமாகக் கருதும் செய்தி இதுதான். 1980களில், மெல்லிய குழாயை நுரையீரலுக்குள் செலுத்தி, நோயாளிகளின் மூச்சுக்குழாய்ச் சுவரிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து ஆய்வாளர்கள் பார்த்தனர். இலேசான ஆஸ்துமா மட்டுமே உள்ளவர்களின் சுவரிலும் படலம் உரிந்திருந்தது, ஈசினோஃபில்கள் குவிந்திருந்தன. இழுப்பு நின்றுவிட்டது என்பதற்கு நோய் நின்றுவிட்டது என்று பொருள் இல்லை என்பது அப்போது கண்ணெதிரே தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் இந்த அழற்சி தொடர்ந்தால் படலத்தின் அடியில் நார்ப்பொருள் படிந்து, தசை தடித்து, குழாயின் அமைப்பே மாறிவிடுகிறது. மிதிபட்டு இறுகிய மண்ணை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அந்த மாற்றம் முற்றிய பிறகு மருந்துகளால் அதை முழுமையாகத் திருப்ப இயலாது.

அலர்ஜி மாத்திரை ஏன் இழுப்பை நிறுத்துவதில்லை

தும்மலுக்கு எடுக்கும் சிட்ரிசின் மாத்திரையையே இழுப்புக்கும் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த மாத்திரை ஹிஸ்டமினைத் தடுக்கிறது. மூக்கு அரிப்புக்கும் தடிப்புக்கும் அது நன்றாக வேலை செய்யும். மூச்சுக்குழாய்த் தசையை நீண்ட நேரம் இறுக்குவதோ வேறொரு பொருள். 1930களின் இறுதியிலேயே ஆய்வாளர்கள் அதன் விளைவைக் கண்டு, மெதுவாக வினைபுரியும் பொருள் என்று மட்டும் குறித்து வைத்தனர். அதன் வேதியமைப்பை 1979இல் சுவீடனின் பெங்க்ட் சாமுவெல்சன் குழு தெளிவுபடுத்தி, லியூகோட்ரையீன் என்று பெயரிட்டது. அவருக்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது. மூச்சுக்குழாயை இறுக்குவதில் இது ஹிஸ்டமினைவிட நூறு மடங்குக்கும் மேல் வலிமையானது. இதைத் தடுக்கும் மான்டெலுகாஸ்ட் மாத்திரை 1998இல் வந்தது. அதுவும் துணை மருந்தாகத்தான் பயன்படுகிறது.

நம் பகுதியில் தூண்டுபவை

இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐஜிஇ வழியாக வேலை செய்பவை ஒவ்வாமைத் தூண்டிகள். படுக்கை, தலையணை, பழைய துணி மூட்டைகளில் வாழும் தூசுப்பூச்சி இவற்றில் முதன்மையானது. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிறு உயிரிதான் வீட்டுத் தூசியில் ஒவ்வாமை தருவதன் மூலம் என்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1964இல் காட்டினர். கரப்பான் பூச்சியின் துகள்கள், ஈரச்சுவரின் பூஞ்சை, சாலையோரமெங்கும் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியத்தின் மகரந்தம், சீமைக் கருவேல மரத்தின் மகரந்தம் ஆகியவையும் இதில் சேரும். இரு மாவட்டங்களிலும் பலரது வாழ்வாதாரமான பட்டுத்தொழிலில், புழு வளர்ப்பு மனையின் தூசியும், அந்துப்பூச்சியின் செதில்களும், கூட்டிலிருந்து நூலெடுக்கும்போது எழும் துகள்களும் சிலருக்குத் தொழில்வழி ஆஸ்துமாவை உண்டாக்குவது மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளது. வேலை நாட்களில் கூடி விடுமுறை நாட்களில் குறையும் இழுப்பு இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மற்றவை எரிச்சலூட்டிகள். விறகடுப்புப் புகை, பீடி, கொசுவத்திச் சுருள், ஓசூர்ப் பக்கத்து மார்கழி விடியலின் குளிர்காற்று, சளிக்காய்ச்சல் வைரஸ் ஆகியவை ஐஜிஇயைத் தொடுவதில்லை. ஏற்கெனவே அழற்சியால் சினந்திருக்கும் குழாயை இறுகச் செய்கின்றன. குழந்தைகளுக்கு இழுப்பு கிளம்புவதற்கு மிகப் பொதுவான காரணம் வைரஸ் சளிதான். கல்குவாரிகளிலும் கிரானைட் பட்டறைகளிலும் எழும் தூசியை இந்தக் கணக்கில் மட்டும் சேர்த்துவிடக் கூடாது. அது இருக்கும் ஆஸ்துமாவைக் கடுமையாக்குவதோடு, சிலிகா படிவதால் வரும் சிலிகோசிஸ் என்னும் வேறொரு நுரையீரல் நோயையும் உண்டாக்கக்கூடியது. அங்கே வேலை செய்பவரின் இருமலை வெறும் அலர்ஜி என்று கடந்துவிடுவது ஆபத்தானது.

தயிரும் வாழைப்பழமும் பற்றி ஒரு சொல்: குறிப்பிட்ட உணவு ஒவ்வாது என்று பரிசோதனையில் தெரிந்தாலன்றி அவற்றை நிறுத்துவதால் ஆஸ்துமா குறைவதில்லை. வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து நல்ல உணவு போவதுதான் மிச்சம்.

இரண்டு இன்ஹேலர்கள், இரண்டு வேலைகள்

"பம்ப் பிடிச்சா பழக்கமாயிடும்" என்ற அச்சம் நம் ஊர்களில் ஆழமாக இருக்கிறது. 1969இல் அறிமுகமான சால்புட்டமால் இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துகிறது. அழற்சியை அது தொடுவதில்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த பெக்லோமெத்தசோனும், பின்னர் வந்த புடசோனைடும் இழுக்கும் வகை ஸ்டீராய்டுகள். இவை சைட்டோகைன் உற்பத்தியையே குறைத்து அழற்சியை அடக்குகின்றன, ஆனால் பலன் தெரிய நாட்கள் ஆகும். முதலாவதில் உடனே நிம்மதி கிடைப்பதால் மக்கள் அதை நம்புகிறார்கள். இரண்டாவதில் உடனடி மாற்றம் தெரியாததால் விட்டுவிடுகிறார்கள். இதன் விளைவு விபரீதமானது. தசை தளர்ந்து மூச்சு விட முடிவதால் அழற்சி கவனிக்கப்படாமல் வளர்கிறது. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுக் குழுவான ஜினா 2019 முதல், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்புட்டமாலை மட்டும் தனியாகக் கொடுத்து ஆஸ்துமாவை நிர்வகிக்கக் கூடாது என்று சொல்லிவருகிறது.

ஸ்டீராய்டு என்றதும் எழும் பயத்துக்கு அளவைக் கொண்டு பதில் சொல்லலாம். ஒரு முறை இழுக்கும் புடசோனைடு பொதுவாக 100 அல்லது 200 மைக்ரோகிராம். விழுங்கும் பிரெட்னிசலோன் மாத்திரையோ 5, 10 மில்லிகிராம் என்ற அளவில் உள்ளது. ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். மேலும் இழுக்கும் மருந்து நேரே மூச்சுக்குழாயில் படுகிறது. பக்கவிளைவே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது: நீண்டகாலம் எடுத்த குழந்தைகளின் இறுதி உயரம் சராசரியாக ஒரு சென்டிமீட்டர் அளவு குறைந்ததாக ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது, வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் பூஞ்சை படியலாம். இவற்றைக் கட்டுப்பாடற்ற ஆஸ்துமாவால் நேரும் இழப்போடு வைத்துப் பார்த்தே மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

ஐஜிஇ பரிசோதனை பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மொத்த ஐஜிஇ அளவு குடற்புழு இருந்தாலும் உயரும். ஆகவே அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து ஆஸ்துமா என்று முடிவு செய்ய முடியாது. ஊதிக் காட்டும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையும் மருத்துவரின் கேள்விகளும் அதைவிட அதிகம் சொல்லும்.

தோற்றுப்போனதாகத் தோன்றிய ஒரு மருந்து

ஈசினோஃபிலை வரவழைப்பது இன்டர்லூகின் 5 என்றால், அதைத் தடுத்தால் ஆஸ்துமா அடங்க வேண்டும். இந்த எண்ணத்தில் உருவான மெப்போலிசுமாப் என்னும் ஊசி மருந்து 2000ஆம் ஆண்டு வெளியான சோதனையில் ஈசினோஃபில்களைத் தெளிவாகக் குறைத்தது. ஆனால் தூண்டிக்கு மூச்சுக்குழாய் இறுகுவது குறையவில்லை. பலர் அந்த வழியையே கைவிடலாம் என்று எண்ணினர். சில ஆய்வாளர்கள் கேள்வியை மாற்றினார்கள்: எல்லா ஆஸ்துமாவும் ஒரே வகையா? கனடாவின் ஹாமில்டனிலும் இங்கிலாந்தின் லெஸ்டரிலும் சளியைப் பரிசோதித்து, ஈசினோஃபில் மிகுந்த நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து அதே மருந்தைக் கொடுத்தபோது, கடுமையான இழுப்புகளின் எண்ணிக்கை குறைந்தது. 2009இல் வந்த அந்த முடிவுகளை அடுத்து 2015இல் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஐஜிஇயைப் பிடிக்கும் ஓமாலிசுமாப் 2003இலேயே ஒப்புதல் பெற்றிருந்தது. இவை விலை மிகுந்தவை, கடுமையான நோய்க்கு மட்டும் உரியவை. நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு இன்ஹேலரே போதுமானது. ஆனால் ஆஸ்துமா என்ற ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு வழிகளில் இயங்கும் பல நோய்கள் இருக்கின்றன என்பதை இந்தக் கதைதான் உலகுக்கு உறுதிப்படுத்தியது.

ஆய்வாளர்கள் இப்போது தேடுவது

ஏன் சிலருக்கு மட்டும் காவல் இப்படித் திசை மாறுகிறது என்பது இன்னும் முழுமையாக விடை காணாத கேள்வி. மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. சிறுவயதுச் சூழலுக்கும் உண்டு. 2016இல் அமெரிக்காவின் இரு வேளாண் சமூகங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று கவனத்தை ஈர்த்தது. மாடுகளோடு நெருங்கி, பழைய முறையில் உழவு செய்யும் ஆமிஷ் குழந்தைகளிடம் ஆஸ்துமா 5 சதவீதமாகவும், பெரிய இயந்திரப் பண்ணைகளில் வாழும் ஹட்டரைட் குழந்தைகளிடம் 21 சதவீதமாகவும் இருந்தது. ஆமிஷ் வீட்டுத் தூசியின் சாறு எலிகளை ஆஸ்துமாவிலிருந்து காத்தது. மாட்டுக் கொட்டகையோடு வளரும் நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டா என்று கேட்கத் தோன்றும். நம் கிராமங்களில் அதே கொட்டகையோடு விறகுப் புகையும் சேர்ந்திருப்பதால் அந்த முடிவை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. இங்கேயே ஆராய்ந்துதான் அறிய வேண்டும்.

அப்படி ஆராய முன்வரும் மாணவர்களுக்கு வழி அடைபட்டிருக்கவில்லை. உயிரியலில் இளநிலைப் பட்டம் பெற்று, நோயெதிர்ப்பியலிலோ உயிர்த்தொழில்நுட்பத்திலோ முதுநிலையும் முனைவர் பட்டமும் முடித்தவர்கள், டெல்லியிலுள்ள தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனம் போன்ற இடங்களிலும், ஓசூரிலிருந்து எட்டும் தொலைவிலுள்ள பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வில் ஈடுபட முடியும். அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்விகளில் ஒன்று இது: ஊசி மருந்துகளை நிறுத்தியதும் பலருக்கு நோய் திரும்பிவிடுகிறது. ஏனெனில் பழைய தூண்டியை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் நுரையீரலின் திசுவுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. இன்றைய மருந்துகள் அவை அனுப்பும் செய்திகளைத் தடுக்கின்றன. அந்த நினைவை அழிக்கும் மருந்து இதுவரை இல்லை.